ஷார்ட் சேல் வீடு: குளோசிங் இழுத்துக்கொண்டே போனால் என்ன செய்வது?

அமெரிக்காவில் ஷார்ட் சேல் வீட்டுக்கு ஆஃபர் போட்டு, விற்பவரும் கையெழுத்துப் போட்டுவிட்டாரா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான். வீடு தேடுவது, பேரம் பேசுவது பற்றி இங்கே எழுதவில்லை. நாங்கள் மாட்டிக்கொண்டது அதற்கு அப்புறம், குளோசிங்குக்கு (பணம் கைமாறி வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள்) முன்னால்தான்.

ஷார்ட் சேலில் விற்பவரின் கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு வீடு கைமாறுகிறது. நஷ்டம் அவருடைய பேங்குக்கு. அதனால் தேதி குறிப்பதும் அந்த பேங்க்தான்.

படி 1: டைட்டில் தேடலை (வீட்டின் உரிமையையும் அதன் மேல் உள்ள கடன்களையும் பதிவேடுகளில் பார்ப்பது) உடனே ஆரம்பியுங்கள்

பேங்க் சம்மதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டாவது அடமானம், ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) பாக்கி, வரி பாக்கி என்று வீட்டின் மேல் இருக்கும் ஒவ்வொரு லீனுக்கும் (பாக்கிக்காக வீட்டின் மேல் உள்ள உரிமை) உரியவர் விட்டுக்கொடுத்தால்தான் குளோசிங் நடக்கும். ஐஆர்எஸ் (மத்திய வரித்துறை) லீன் இருந்தால், வீட்டை அதிலிருந்து விடுவிக்கக் கேட்கும் படிவம் 14135 வேண்டும். அதைக் குளோசிங்குக்குக் குறைந்தது 45 நாள் முன்பே அனுப்பச் சொல்கிறது ஐஆர்எஸ்.

படி 2: காத்திருங்கள், ஆனால் ரேட் லாக் செய்யாதீர்கள்

சம்மதம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை உங்கள் லோனின் வட்டி விகிதத்தை லாக் செய்ய (குறிப்பிட்ட நாள் வரை மாறாமல் பிடித்து வைக்க) வேண்டாம், வாடகை வீட்டுக்கு நோட்டீஸும் கொடுக்க வேண்டாம். சம்பள ரசீது, பேங்க் ஸ்டேட்மெண்ட் மட்டும் மாதாமாதம் புதிதாக லோன் ஆபீசரிடம் போகட்டும்.

படி 3: அப்ரூவல் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள்

நாங்கள் தவறியது இங்கேதான். நான்கு மாதம் கழித்து, விற்பவரின் பேங்க் சம்மதம் சொல்லும் லெட்டர் வந்தது. 'அப்ரூவ்ட்' என்ற வார்த்தையைப் பார்த்த சந்தோஷத்தில் மற்றதைப் படிக்கவே இல்லை. அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: லெட்டர் காலாவதியாகும் நாள், பேங்கின் கைக்கு வந்தாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, எந்தச் செலவுக்கு எவ்வளவு வரை அனுமதி.

எங்கள் லெட்டரில் ஹெச்ஓஏ பாக்கிக்கு ஒரு வரம்பு இருந்தது. மாதம் ஏற ஏற பாக்கியும் தாமதக் கட்டணமும் ஏறி, குளோசிங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது 612 டாலர் கூடுதலாக வந்து நின்றது. விற்பவரிடம் பணம் இல்லை. பேங்கும் தன் தொகையைக் குறைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்தப் பணத்தை நாங்களே கட்டினோம். அதற்கு விற்பவரின் பேங்க், எங்களுக்கு லோன் தரும் பேங்க் இரண்டின் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்குவதற்குள் லெட்டர் காலாவதியாகி, ரேட் லாக்கை நீட்டிக்கவும் தனியாகக் கட்டணம் கட்டினோம். "கையில் கொடுத்து முடித்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். செட்டில்மெண்ட் ஸ்டேட்மெண்டில் (குளோசிங்கின் வரவு செலவுக் கணக்கு) வராத பணம் மோசடிக் கணக்கில் சேரும்.

லெட்டர் வந்த அன்றே ஹெச்ஓஏவிடம், குளோசிங் நாள் வரைக்குமான பாக்கியைக் கணக்கிட்டு எழுத்தில் தரச் சொல்லுங்கள். இதை ஒழுங்காகச் செய்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

படி 4: காலாவதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

குளோசிங் டிஸ்குளோஷர் (உங்கள் லோனின் இறுதி விவரங்களும் செலவுகளும் உள்ள படிவம்) உங்கள் கைக்கு வந்து மூன்று வேலைநாள் ஆன பிறகுதான் குளோசிங். இந்தக் கணக்கில் சனிக்கிழமை சேரும். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும் சேராது. ஃபிக்ஸட் ரேட் கடனில் ஏபிஆர் (கட்டணங்களும் சேர்த்த வருட வட்டி விகிதம்) அதில் இருந்ததைவிட 0.125 சதவீதப் புள்ளிக்கு மேல் ஏறினால் மறுபடி மூன்று நாள். இதற்கிடையில் செட்டில்மெண்ட் ஸ்டேட்மெண்டை விற்பவரின் பேங்கும் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நாள் போதாது என்று தெரிந்தால், லெட்டர் காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். அதற்கப்புறம் கேட்டால் புதிதாகப் பரிசீலிக்க ஆரம்பித்துவிடலாம்.

இதற்கெல்லாம் தனி ஆப் தேவையில்லை. என்னைக் கேட்டால் ஒரு கூகுள் ஷீட் போதும்: யார், என்ன தர வேண்டும், எந்தத் தேதிக்குள். போனில் பேசியதை அன்றே ஈமெயிலிலும் போட்டுவிடுங்கள். எங்களுக்கு நீட்டிப்புக் கிடைத்ததே அப்படி அனுப்பிய ஒரு ஈமெயிலைக் காட்டித்தான்.

பின்னர் சேர்த்தது: அப்ரூவல் வந்தபிறகு மனைவி பெயரையும் பத்திரத்தில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். லெட்டர் அதில் எழுதியிருக்கும் பெயர்களுக்கு மட்டும்தான் செல்லும். பெயர் சேர்க்க வேண்டுமென்றால் பேங்க் மறுபடி சம்மதிக்க வேண்டும். ஆஃபர் எழுதும்போதே இரண்டு பெயரையும் போட்டுவிடுங்கள்.