பழைய அமெரிக்கக் கவர்களில் இயந்திர முத்திரையை அடையாளம் காண்பது எப்படி?

முதல் வேலை: ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். தபால் நிலைய இயந்திரம் கவர்மேல் அடிக்கும் இந்த முத்திரைக்கு இரண்டு பாகம். இடப்பக்கம் ஊர், தேதி, நேரம் உள்ள வட்டம். வலப்பக்கம், ஸ்டாம்பு மறுபடி பயன்படாமல் அடிக்கும் கோடுகள். ஸ்டாம்பை மட்டும் பிரித்தெடுத்தால் கையில் மிஞ்சுவது நாலைந்து கோடு. எந்த ஊர், எந்த ஆண்டு என்பது குப்பைக்குப் போன கவரில் இருக்கும்.

தேவையானவை: 10 மடங்கு லென்ஸ், அரை மில்லிமீட்டர் பிரிவுள்ள கண்ணாடி ஸ்கேல், ஸ்கேனர். ஸ்கேலையும் கவரோடு சேர்த்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 1 மி.மீ. ஏறக்குறைய 24 பிக்சல் வரும். திரையிலேயே நம்பி அளக்கலாம்.

படி 1: சாய்வைப் பாருங்கள்

கோடுகளில் மேலே உள்ளதை எடுத்துக்கொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் கவரின் மேல் விளிம்பு வரை அளங்கள். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இயந்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கடிதம் ஒரு தடத்தில் விளிம்பை ஒட்டி ஓடுவதால் முத்திரை நேராக விழும். கையால் குத்தினால் கவருக்குக் கவர் கோணம் மாறும்.

ஆரம்பத்தில் பலரும் தடுமாறுவது டூப்ளக்ஸ் கை முத்திரையில்தான். அதிலும் வட்டமும் ஸ்டாம்பின் மேல் விழும் அழிப்புக் குறியும் ஒரே கைப்பிடியில் இருப்பதால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. ஆகவே இடைவெளியை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். ஒரே ஊரின் மூன்று நான்கு கவர்களை அடுக்கி, சாய்வையும் விளிம்பிலிருந்து உள்ள தூரத்தையும் ஒப்பிடுங்கள். கவரை மேல்பக்கம் வெட்டிப் பிரித்திருந்தால் கீழ் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும்.

படி 2: கோளாறுகளைப் படியுங்கள்

எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இயந்திரம் எப்படி ஓடியது என்று இங்கேதான் தெரியும். இரண்டு கடிதம் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால், மேலே இருந்தது மறைத்த இடத்தில் முத்திரை கத்தியால் அறுத்ததுபோல் நேர்கோட்டில் நிற்கும். உள்ளே தடிப்பான காகிதம் இருந்தால் மேட்டில் மை அப்பியும் பள்ளத்தில் வெளிறியும் இருக்கும். ஸ்டாம்பை வேறு மூலையில் ஒட்டியிருந்தால் கோடுகள் வெறும் காகிதத்தில் விழும். பிறகு ஊழியர் கையால் ஒரு முத்திரை போட்டிருப்பார். ஒரே கவரில் இரண்டு வகையும் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். தேதிக் கட்டைகளைக் கையால்தான் மாற்றினார்கள் என்பதால் ஆண்டு தலைகீழாகவும் வரலாம்.

படி 3: காலத்தைக் குறுக்குங்கள்

வட்டத்துக்குள் ஆண்டு இல்லாவிட்டால் ஸ்டாம்பைக் கேளுங்கள். 1883 அக்டோபர் 1 அன்று உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 3 சென்ட்டிலிருந்து 2 சென்ட்டாகக் குறைந்தது. 2 சென்ட் வாஷிங்டன் ஸ்டாம்பு அன்று செம்பழுப்பில் வந்தது, 1887இல் பச்சையானது, 1890இல் சிவப்பானது. இந்தப் பச்சை 2 சென்ட் ஒட்டிய கவர் 1887க்கு முந்தையதாக இருக்க முடியாது. பின்னால் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் போகலாம். கையிருப்பு ஸ்டாம்பைப் பல ஆண்டு கழித்தும் ஒட்டுவார்கள்.

படி 4: தயாரிப்பாளரைத் தேடுங்கள்

முத்திரை அடிக்கும் லெவிட் இயந்திரம் பாஸ்டனில் 1876இல் ஓடத் தொடங்கியது. அளவும் தடிமனும் ஒன்றாக இருக்கும் 1 சென்ட் தபால் அட்டைகளே அதற்குத் தோதானவை. தேடலை அட்டைகளிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கன் போஸ்டல் மெஷின்ஸ் கம்பெனியின் கொடி முத்திரை 1894இல் பாஸ்டனில் வந்தது. வட்டத்தை அடுத்துக் கொடிக்கம்பமும், ஸ்டாம்பின் மேல் அலையும் பட்டைகளும் இருப்பதால் புதியவர்கள் இதை எளிதில் பிடித்துவிடலாம்.

நேர்க்கோடு மட்டும் இருந்தால் கண்ணை நம்பாதீர்கள். வட்டத்தின் விட்டம், கோடுகளின் எண்ணிக்கை, மேல் கோட்டின் நீளம், வட்டத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி, கோடுகளுக்கு நடுவே எண்ணோ எழுத்தோ உண்டா என்ற ஐந்தையும் எழுதிவைத்து, இயந்திர முத்திரைகளின் பட்டியல் நூலோடு ஒப்பிடுங்கள். மை அதிகமானால் கோடு தடித்துத் தெரியும், அதனால் தடிமனை அளவாக எடுக்கக் கூடாது.

கவரின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை இயந்திரத்தில் விழுந்ததாக இருக்கலாம், முன்பக்கம் கையால் குத்தியிருந்தாலும் கூட. இரண்டையும் தனித்தனிப் பதிவாக எழுதுங்கள்.