மாசாய் கழுத்து வளையம்: கம்பியில் மணி கோப்பது எப்படி?

கென்யாவிலும் தான்சானியாவிலும் மாசாய் பெண்கள் தோளில் பரப்பி அணியும் வட்ட மணி வளையத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அத்தனை வரிசை இருந்தும் சரியாமல் தட்டுபோல விறைப்பாக நிற்கும். மணிகளைக் கம்பியில் கோத்து, கம்பிகளைக் குறுக்குப் பட்டைகளால் பிணைப்பதுதான் அதன் சூட்சுமம். முன்பு தோல் பட்டை. இப்போது பழைய பிளாஸ்டிக் கேனையும் நறுக்கிக்கொள்கிறார்கள்.

ஐந்து வரிசையில் சிறியதாக ஒன்று செய்வோம். 3 மி.மீ. தடிமனும் துளைவாக்கில் 2 மி.மீ. நீளமும் உள்ள கண்ணாடி மணிகள் சுமார் 1,100, 0.5 மி.மீ. எஃகுக் கம்பி, நோஸ் பிளேயர், பிளாஸ்டிக் கேன் போதும். மணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிசும் சிறிசுமாகக் கலந்திருந்தால் வளையம் கோணிக்கொள்ளும்.

1. கேனிலிருந்து 18 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலத்தில் ஒன்பது பட்டைகள் வெட்டுங்கள். சூடாக்கிய ஊசியால் ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. இடைவெளியில் ஐந்து துளைகள்.

2. கம்பியை 46, 48, 50, 52, 54 செ.மீ. என ஐந்தாக நறுக்குங்கள். முதல் பட்டையில் வரிசையாக நுழைத்து, வெளியே நிற்கும் நுனிகளைச் சுருட்டி மடக்கிவிடுங்கள்.

3. இனிதான் எண்ணிக்கை. உள்வரிசையில் 25 மணி, அடுத்ததில் 26, பிறகு 27, 28, 29. கோத்ததும் அடுத்த பட்டையை நெருக்கித் தள்ளுங்கள். வெளியே போகப் போக வட்டம் பெரிதாவதால்தான் ஒவ்வொரு மணி கூடுகிறது. எல்லா வரிசைக்கும் 25 போட்டால் நேரான பட்டிதான் கிடைக்கும், வளையாது.

4. இப்படி எட்டுக் கட்டம். கடைசிப் பட்டைக்கு அப்பால் மிஞ்சும் கம்பியையும் சுருட்டிவிட்டு, இரு முனைகளையும் பிடரியில் நூலால் கட்டிக்கொள்ளலாம்.

நிறங்களைப் பற்றி ஒன்று. சிவப்புக்கு வீரம், வெள்ளைக்குப் பால், நீலத்துக்கு வானமும் மழையும், பச்சைக்குப் புல் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாடு மேய்க்கும் மக்களுக்கு இவையெல்லாம் அன்றாட விஷயங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கண்ணாடி மணி வணிகத்தில் வந்த பிறகே இவ்வளவு நிறம். அதற்கு முன் விதை, எலும்பு, இரும்பு. ஒரு நிறத்தை மெல்ல இன்னொன்றில் கரைப்பது இங்கே எடுபடாது. சிவப்பை ஒரு பாளமாக வையுங்கள், வெள்ளையை இரண்டு மணி அகலத்துக்குக் குறுக்கே ஓட்டுங்கள், அப்புறம் நீலம்.

கைவந்துவிட்டால் வெளிக்கம்பியில் தகரத் துண்டுகளைத் தொங்கவிடலாம். மாசாய் பெண்கள் பாடி ஆடும்போது கலகலவென்று கேட்பது அவைதான். ஓரத்தை மட்டும் அரத்தால் தேய்த்துவிடுங்கள், கழுத்தைக் கீறும்.