லத்தீன் எண்கள்: முதல் மூன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்

லத்தீன் எண்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்பவர்கள், வாக்கியம் எழுதும்போது தடுமாறிப் போகிறார்கள். எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள். ஒரு பெயர்ச்சொல்லோடு சேர்த்தே படியுங்கள். இங்கே உச்சரிப்பைப் பழைய ரோமானிய முறையில் தருகிறேன்.

படி 1: ஒன்று, இரண்டு, மூன்று

இந்த மூன்றும் பால் பார்த்து மாறும். ஊனுஸ் புவேர் (ஒரு சிறுவன்), ஊனா புவெல்லா (ஒரு சிறுமி), ஊனும் ஒப்பிதும் (ஓர் ஊர்). ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று பேசிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் லத்தீனில் பால் என்பது பொருளுக்கு அல்ல, சொல்லுக்கு. ஒப்பிதும் நியூட்டர் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால்), நகரம் என்ற பொருள் தரும் உர்ப்ஸ் பெண்பால். அதனால் ஊனா உர்ப்ஸ்.

இரண்டுக்குப் பெண்பாலில் மட்டும் துவை, மற்றதற்குத் துவோ. மூன்றுக்கு நியூட்டரில் த்ரியா, மற்றதற்கு த்ரேஸ். வேற்றுமைக்கு ஏற்பவும் இவை மாறும். 'ஒன்றின்' என்பதற்கு ஊனீயுஸ், 'ஒன்றுக்கு' என்பதற்கு ஊனீ. இவ்விரண்டு வடிவங்களும் மூன்று பாலுக்கும் பொது.

படி 2: நான்கு முதல் நூறு வரை

க்வத்துவோர் (4) முதல் கென்தும் (100) வரை மாற்றமே இல்லை. 21, 32 போன்றவற்றில் கடைசியில் நிற்கும் 1, 2, 3 மட்டும் மாறும். 18, 19 இரண்டையும் கவனியுங்கள்: துவோதேவீகின்தீ, ஊன்தேவீகின்தீ. அதாவது இருபதில் இரண்டு குறைய, இருபதில் ஒன்று குறைய.

200 முதல் 900 வரையுள்ள நூறுகள் மறுபடி பால் பார்க்கும்: 200 என்பது ஆண்பாலில் துகென்தீ, பெண்பாலில் துகென்தை, நியூட்டரில் துகென்தா.

படி 3: ஆயிரம்

பலரும் சறுக்குவது இங்கேதான். மீல்லெ (1000) மாறாது: மீல்லெ மீலிதேஸ், ஆயிரம் வீரர்கள். இரண்டாயிரம் என்றால் அதன் பன்மையான மீலியா வரும். அது பெயர்ச்சொல்லாகிவிடும், எண்ணப்படும் பொருள் ஆறாம் வேற்றுமைக்குப் போகும்: துவோ மீலியா மீலிதும். 'வீரர்களின் இரண்டு ஆயிரங்கள்' என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமானியர் தூரத்தை மீல்லெ பஸ்ஸூஸ் என்று அளந்தார்கள். ஒரு பஸ்ஸுஸ் என்பது இரண்டு முறை காலெடுத்து வைக்கும் தூரம். ஆயிரம் பஸ்ஸூஸ் சுமார் 1,480 மீட்டர். மைல் என்ற சொல் இந்த மீலியாவிலிருந்து வந்ததுதான்.

படி 4: இரண்டிரண்டாக

தமிழில் இவ்விரண்டு (இரண்டிரண்டாக), மும்மூன்று (மூன்று மூன்றாக) இருப்பதுபோல லத்தீனில் பீனீ, தெர்னீ உண்டு. பீனீக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. படைமுகாமைக் குறிக்கும் கஸ்த்ரா பன்மையில்தான் வரும். ஆகவே இரண்டு முகாம்கள் பீனா கஸ்த்ரா.

சரி, இப்போது எழுதிப் பாருங்கள்: இரண்டு சிறுமிகள், மூன்று ஊர்கள், மூவாயிரம் வீரர்கள்.

விடை: துவை புவெல்லை, த்ரியா ஒப்பிதா, த்ரியா மீலியா மீலிதும்.