ரோமர் 1-ஐ வேதபாடத்துக்கு எடுக்கும்போது

வாலிபர் கூட்டத்தில் ஓரினச்சேர்க்கை பற்றிக் கேள்வி வந்தால், ரோமர் 1:26-27ஐ மட்டும் வாசித்து நிறுத்த நான் விடுவதில்லை. 18-ஆம் வசனத்தில் தொடங்கி 2:4 வரை ஒருவர் சத்தமாக, நிறுத்தாமல் வாசிக்கட்டும். அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் ரோமருக்கு இந்தக் கடிதத்தை எழுதியபோது அங்கே இடைவெளி கிடையாது.

29, 30-ஆம் வசனங்களில் பொறாமை, புறங்கூறுதல், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை எல்லாம் இருக்கின்றன. பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு 2:1, மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனைப் பார்த்து: "போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை."

ஓரினச் சேர்க்கை முழுவதையும் பவுல் கண்டிக்கிறார் என்போர் உண்டு. விக்கிரக வழிபாட்டோடு சேர்ந்த இச்சையை மட்டும் என்போரும் உண்டு. இரண்டையும் சொல்லுங்கள். தேவன் அழித்த சோதோம் பட்டணத்தை யாராவது இழுத்தால் எசேக்கியேல் 16:49ஐத் திறவுங்கள்; அங்கே சோதோமின் அக்கிரமமாகச் சொல்லப்படுவது கர்வமும் ஏழைக்கு உதவாமையும்தான். "அந்த மாதிரி ஆட்கள்" என்று மட்டும் பேசவே விடாதீர்கள். நீங்கள் அப்படிப் பேசும் ஒரு பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.