ஆறாவது கோர்ட்டில் நிற்பது யார்? டென்னிசுக்கும் படிப்புக்கும் சேர்த்து ஒரு கல்லூரி தேடும் முறை

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு பையன் ராக்கெட் பையோடு நடந்துபோனால், "என்ன தம்பி, பூப்பந்தா?" என்றுதான் கேட்பார்கள். தோட்டத்துத் துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கிப் போட்ட தாத்தாக்கள் எங்கள் வீடுகளில் உண்டு. ஆடிய தாத்தா கிடையாது. என் அக்கா மகன்தான் குடும்பத்தில் முதன்முதலாக ஆடினான், ஆட்டத்தை வைத்தே அமெரிக்காவுக்கும் போனான். அவனுக்காகக் கல்லூரி தேடிய ஒன்றரை வருடத்தில் நிறையத் தவறு செய்தோம். முதல் கல்லூரியில் ஒரு வருடம் வீணானது, பிறகு வேறொன்றுக்கு மாறினான்.

இப்போது மாலையில் கோர்ட் வேலி ஓரம் நிற்கும் அம்மாக்கள், "அங்கள், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிட்டேன்.

படி 1: அமெரிக்காதானா என்று முடிவு செய்யுங்கள்

நம் நாட்டிலேயே படிக்கலாம். மாசும் என்ற பல்கலைக்கழக விளையாட்டு மன்றத்தின் போட்டிகளில் பல்கலைக்கழகங்களுக்கிடையே டென்னிஸ் இருக்கிறது. ஆனால் இங்கே அது பெரும்பாலும் புறப்பாட நடவடிக்கை. அங்கே முழுநேரப் பயிற்றுநர், அணி, ஜனவரியிலிருந்து மே வரை ஒரு சீசன், கூடவே உபகாரச் சம்பளத்துக்கு வாய்ப்பு. சென்னையில் பயிற்சி எடுத்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 இரண்டு ஆண்டும் தேசியக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2009-இல் சென்னை ஓப்பன் இறுதியாட்டம் வரை போனார். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். உங்கள் பையன் பட்டத்தோடு திரும்பி வந்து இன்ஜினியராகவோ கணக்காய்வாளராகவோ வேலை பார்த்தாலே இந்த முயற்சி வெற்றிதான் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 2: பிரிவுகளைப் புரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று பிரிவுகள். பிரிவு 1-இல் பெரிய பெயர்கள். பிரிவு 2-இல் நடுத்தரக் கல்லூரிகள் அதிகம், விளையாட்டுக்குப் பணம் உண்டு. பிரிவு 3-இல் விளையாட்டுக்கென்று ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடத் தரக்கூடாது. ஹார்வர்ட், பிரின்ஸ்டன் அடங்கிய ஐவி லீக் பிரிவு 1-இல் ஆடினாலும் அங்கேயும் விளையாட்டு உபகாரச் சம்பளம் இல்லை. இவை போக என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் சிறிய கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளும் உண்டு.

பிரிவு 1-இல் ஆண்கள் அணிக்கு நெடுங்காலம் மொத்தமே நாலரை பேருக்கான உபகாரச் சம்பளம்தான். அதைப் பயிற்றுநர் எட்டு, பத்துப் பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார். பெண்கள் அணிக்கு எட்டு முழு இடங்கள். அமெரிக்கக் கால்பந்து ஒன்றே ஆண்களுக்கான பங்கில் 85 இடத்தை விழுங்கிவிட்டதால், ஆண் பெண் சமநிலைச் சட்டத்துக்குக் கணக்குக் காட்ட மற்ற ஆண்கள் விளையாட்டுகளில் கை வைத்தார்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 10 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. கொடுக்கலாம் என்று விதி சொல்வது வேறு, கையில் கொடுப்பது வேறு. பயிற்றுநரிடமே கேளுங்கள்.

படி 3: பையனின் எண்ணைப் பாருங்கள்

யு.டி.ஆர். என்ற டென்னிஸ் திறன் மதிப்பீடு 1-இலிருந்து 16.50 வரை போகும். அமெரிக்கப் பயிற்றுநர் முதலில் பார்ப்பது அதைத்தான். பேராக் மாநிலத்தில் யாரை வென்றான் என்பது அவருக்குத் தெரியாது, எண் தெரியும். மதிப்பீட்டில் ஏறும் போட்டிகளில் ஆடினால்தான் எண் வரும். அதனால் கோலாலம்பூர், கூச்சிங் என்று பயணச் செலவு வரும். ஈப்போவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் எண் நகராது. எங்களுக்கு இது தெரியவே ஒரு வருடம் ஆனது.

படி 4: அணிப் பட்டியலைப் படியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். தே தாரிக் போட்டுக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள்.

பிரிவு 1-இல் கல்லூரிக்குக் கல்லூரி மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டம், ஒவ்வொன்றும் ஒரே செட். இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டம், ஆறு புள்ளி. முதலில் 4 புள்ளி எடுத்தவர் வெற்றி. ஆக ஒற்றையரில் இறங்குவது ஆறு பேர் மட்டும், பலமான ஆள் முதல் கோர்ட்டில், அப்படியே இறங்கி ஆறாவது ஆள் ஆறாவது கோர்ட்டில். மற்றவர்கள் ஓரத்தில் நின்று கத்துவார்கள்.

ஒவ்வொரு கல்லூரியும் தன் அணிப் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கும். யார் எந்த ஆண்டு, எந்த நாடு என்று தெரியும். முடிவுப் பக்கத்தில் யார் எத்தனையாவது கோர்ட்டில் ஆடினார் என்றும் இருக்கும். நான்கு, ஐந்து, ஆறாவது கோர்ட்டில் ஆடியவர்களின் பெயரை எழுதி, யு.டி.ஆர். தளத்தில் எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். முதல் கோர்ட்டுக்காரரை விட்டுவிடுங்கள், அவரோடு நமக்கு வேலையில்லை. ஆறாவது ஆள் உங்கள் பையனை விட அரை எண் மேலே, அவருக்கு இன்னும் மூன்று ஆண்டு படிப்பு பாக்கி என்றால் அந்தக் கல்லூரியில் இடம் எங்கே? அதே ஆறாவது ஆள் இந்த ஆண்டு பட்டம் வாங்கிப் போகிறார், எண்ணும் பக்கத்தில் இருக்கிறது என்றால் அந்தக் கல்லூரியின் பெயருக்கு நட்சத்திரம் போடுங்கள்.

இதோடு முடியவில்லை. இப்போது வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்கள் அதிகம். கடந்த மூன்று ஆண்டுப் பட்டியல்களை ஒப்பிடுங்கள். முதலாம் ஆண்டில் வந்தவர்கள் நான்காம் ஆண்டுவரை இருக்கிறார்களா? வருடா வருடம் பாதிப் பேர் காணாமல் போனால் அங்கே ஏதோ சரியில்லை.

எங்கள் பையனுக்கு முதல் கடிதம் வந்தபோது இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. கல்லூரியின் பெயரைப் பார்த்தோம். அக்கா கோயிலில் அர்ச்சனையே செய்துவிட்டாள். அவன் அந்த அணியில் ஒன்பதாவது ஆள்.

படி 5: பாட அட்டவணையையும் பயிற்சி நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள்

பிரிவு 1-இல் சீசனின்போது வாரத்துக்கு 20 மணி நேரம்வரை பயிற்சி வைக்க விதி அனுமதிக்கிறது. பயணம் இதில் சேராது. எங்கள் பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கப் போனான். ஆய்வுக்கூட வகுப்பு செவ்வாய், வியாழன் மதியம், பயிற்சியும் அதே மதியம். பயிற்றுநர் நல்லவர்தான், ஆனாலும் "வணிக நிர்வாகம் எடுத்துக்கொள்ளேன்" என்றார். படிக்கப் போனதே இன்ஜினியரிங்குக்கு என்பது அவருக்குப் புரியவில்லை.

அதனால் துறையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "இப்போது அணியில் இன்ஜினியரிங் படிப்பவர் எத்தனை பேர்?" ஒருவரும் இல்லை என்றால் அதுவே பதில். ஒருவர் இருந்தால் அவரோடு பேச வழி கேளுங்கள். பயிற்றுநர் சொல்லாததை ஆட்டக்காரன் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவான்.

இன்னொரு கேள்வியை வீட்டுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2020-இல் அயோவா, மினசோட்டா ஆகிய பெரிய பல்கலைக்கழகங்களே ஆண்கள் டென்னிஸ் அணியை நிறுத்துவதாக அறிவித்தன. நாளை உங்கள் கல்லூரியும் அப்படி அறிவித்தால், பையன் அங்கேயே இருந்து படிப்பை முடிக்க ஆசைப்படுவானா? தயங்கினால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

படி 6: மீதியை யார் கட்டுவது?

"50 விழுக்காடு உபகாரச் சம்பளம்" என்று கடிதம் வந்ததும் பாதிச் செலவு போச்சு என்று நினைப்போம். எதில் 50 விழுக்காடு? புரிவதற்காக நானே போட்ட ஒரு கணக்கு. ஒரு கல்லூரியில் ஆண்டுச் செலவு மொத்தம் 52,000 டாலர், அதில் கல்விக் கட்டணம் 34,000. கட்டணத்தில் மட்டும் பாதி என்றால் 17,000. மீதி 35,000 டாலர். ஒரு டாலர் 4 வெள்ளி 20 சென் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,47,000 வெள்ளி. பெயர் தெரியாத ஒரு பிரிவு 2 கல்லூரியில் மொத்தச் செலவு 34,000. டென்னிசுக்கு 8,000, படிப்புக்கு 12,000 தருகிறார்கள். மீதி 14,000 டாலர், அதாவது 58,800 வெள்ளி. கடிதத்தில் எது பெரிதாகத் தெரிகிறது, வீட்டுக் கணக்கில் எது சிறிது என்று பாருங்கள். படிப்புக்கான பணம் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் ஏக்களைப் பொறுத்து வரும். ஒரு ஏ, ஃபோர்ஹேண்டை விட அதிகப் பணம் கொண்டுவரலாம்.

உபகாரச் சம்பளத்தில் தங்கும் இடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு வரி உண்டு. நம் மாணவர்களுக்கு வழக்கமாக 14 விழுக்காடு பிடிப்பார்கள். இதையும் கணக்கில் சேருங்கள்.

வசதியில்லாத, ஆனால் படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெற்றோர் பிரிவு 3-ஐத் தள்ளிவிடாதீர்கள். எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், பௌடன் மூன்றும் பிரிவு 3-தான். இந்த மூன்றும் வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது குடும்பத்தின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. சேர்த்துக்கொண்டால், குடும்பத்தால் முடியாத மிச்சத்தைக் கல்லூரியே ஏற்கிறது. பால்மரம் வெட்டிய கையால் படிக்கவைக்கும் வீட்டுக்கு, டென்னிசுக்குப் பணமே தராத கல்லூரி எல்லாவற்றையும் விட மலிவாக முடியலாம். நுழைவதுதான் கஷ்டம், ரொம்பவே கஷ்டம். பௌடன் 2016-இல் பிரிவு 3 ஆண்கள் பட்டத்தை வென்ற அணி, ஆட்டமும் அங்கே லேசு இல்லை.

படி 7: ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு அவசரப்படாதீர்கள், தூங்கவும் வேண்டாம்

நம் பிள்ளைகள் அதிகம் இடறி விழுவது இங்கேதான். எஸ்பிஎம் முடிந்ததும் "ஒரு வருடம் போட்டிகளில் ஆடி எண்ணை ஏற்றட்டும்" என்று விடுவோம். பள்ளி முடிந்து குறிப்பிட்ட சலுகைக் காலத்துக்குப் பிறகும் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடினால், பிரிவு 1-இல் ஆடும் ஆண்டுகள் குறையலாம். ஆறாம் படிவம் போக நினைத்தாலும் இதே கேள்வி வரும்.

அடுத்தது, இங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பட்ட மாறுதல் திட்டத்தில் சேருவது. படிப்புக்கு நல்ல வழி, செலவும் குறைவு. ஆனால் முழுநேர மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்தே பிரிவு 1-இல் ஆடி முடிக்கத் தரும் ஐந்தாண்டுக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அங்கே போகும்போது அவன் புது மாணவன் இல்லை, மாறி வருபவன். விதிகளும் வேறு. எனவே எந்தப் பாரத்திலும் கையெழுத்திடும் முன், உங்களோடு பேசும் பயிற்றுநரிடம் "உங்கள் விதிமுறை அலுவலகம் இதற்கு என்ன சொல்கிறது?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்.சி.ஏ.ஏ. கல்லூரியில் ஆட அதன் தகுதி மையத்தில் பதிய வேண்டும். மூன்றாம் படிவத்திலிருந்து பள்ளி அறிக்கைகளைச் சேர்த்து வையுங்கள். மலாயில் இருப்பதற்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. பள்ளி அலுவலகத்தில் பழைய அறிக்கை கேட்டு நான் நான்கு முறை அலைந்திருக்கிறேன்.

படி 8: பையனே எழுதட்டும்

பயிற்றுநருக்கு மின்னஞ்சல் பையன் பெயரில், பையன் எழுத்தில் போகட்டும். பெயர், பள்ளி முடியும் ஆண்டு, யு.டி.ஆர்., பள்ளி மதிப்பெண், படிக்க விரும்பும் துறை, அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தான் என்று இரண்டு வரி, காணொளி இணைப்பு. அவ்வளவு போதும். காணொளியில் பாட்டுச் சேர்க்காதீர்கள். தொலைபேசியைப் பின்வேலியில் உயரமாகக் கட்டி, உண்மையான ஆட்டத்தின் புள்ளிகளை எடுங்கள். தோற்ற புள்ளியும் இரண்டு இருக்கட்டும், ஓடி எடுக்கிறானா என்று பார்ப்பார்கள். நாலு மணிக்கு மழை வந்துவிடும் என்பதால் நாங்கள் காலை ஏழு மணிக்கே எடுத்தோம்.

அமெரிக்க உயர்நிலைப்பள்ளிக் கணக்கில் இரண்டாம் ஆண்டு முடிந்த ஜூன் 15-க்கு முன், பிரிவு 1 பயிற்றுநர் தனிப்பட்ட முறையில் பதில் போட விதி இடம் தராது. பதில் இல்லையே என்று மனம் விட வேண்டாம்.

ஒரு ஏஜென்ட் வருவார். எங்களிடமும் ஒருவர் வந்தார், ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு நூறு கல்லூரிக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார், சில கடிதங்களில் வேறொரு பையன் பெயர். கோலாலம்பூரில் மேசீ என்ற மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இருக்கிறது. அமெரிக்கப் படிப்பு பற்றி அங்கே ஆலோசனை கேட்கலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து இ.டி.எஸ். ரயில் ஏறினால் போய்விடலாம்.

படி 9: மிச்சச் சில்லறை வேலைகள்

இடம் உறுதியானால் கல்லூரி ஐ-20 பாரம் அனுப்பும். செவிஸ் என்ற மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர் கட்டி, எஃப்-1 மாணவர் விசாவுக்குக் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது என்று முன்பே கேளுங்கள்.

டிசம்பரில் மாணவர் விடுதியை மூடுகிறார்களா என்றும் கேளுங்கள். எங்கள் பையன் முதல் ஆண்டு அதைக் கேட்கவில்லை. மூன்று வாரம் அணித் தோழன் வீட்டுச் சோபாவில் தூங்கினான். அக்கா அனுப்பிய நெத்திலிச் சம்பால் அந்த வீட்டில் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டதாம்.