ட்ராப் வைத்தாயிற்று, எங்கே நிற்பது?

ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற துப்பாக்கி கேமில், வெடிக்கும் ட்ராப் (பொறி) வைக்கும் கப்கான் என்ற கேரக்டரை எடுத்துக் கதவுக்குக் கதவு ட்ராப் வைத்துக்கொண்டிருந்தேன். வெடித்தது, ஆனால் ஆள் சாகவில்லை. காரணம் பிடிபட வெகுநாள் ஆனது. எந்த பட்டனை அழுத்துவது என்பதெல்லாம் கேமே சொல்லித்தரும், மற்றதைப் பார்ப்போம்.

1. வழியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா வாசலையும் அடைக்க முடியாது. நீங்கள் கண் வைக்க முடியாத, ஆனால் சத்தம் காதில் விழும் வழிக்குத்தான் ட்ராப்.

2. கண்ணில் படாமல் வையுங்கள்

அதே கேமின் ஃப்ராஸ்ட் என்ற கேரக்டரின் மேட்டை (தரையில் விரிக்கும் பொறி) ஜன்னலுக்கு உள்பக்கம், சரியாக அதன் அடியில் விரியுங்கள். ஜன்னலைப் பலகையால் அடைத்துவிட்டால் குதிப்பவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமில் டெமோமேன் என்ற கேரக்டரின் ஸ்டிக்கிகளை (ஒட்டிக்கொள்ளும் குண்டுகள்) தரையில் போடாதீர்கள். வாசலைத் தாண்டியதும் உள்பக்கம், தலைக்கு மேலே ஒட்டுங்கள். வலரன்ட் கேமில் சைஃபர் என்ற கேரக்டரின் பொறிக்கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் தாண்டிவிடுவார்கள், உயரமாகக் கட்டினால் குனிந்து போய்விடுவார்கள். அதனால் மூலை திரும்பிய உடனே வருகிற மாதிரி கட்டுங்கள்.

3. எங்கே நிற்பது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கப்கானின் ட்ராப் ஒன்று 60 ஹெல்த்தைத்தான் குறைக்கும். முழு ஹெல்த்தோடு வருபவனுக்கு அதற்குப் பிறகும் குறைந்தது 40 மிச்சம் இருக்கும். நானோ மேப்பின் மறுமுனையில் இருப்பேன். ஓடி வருவதற்குள் அவன் மறைந்திருப்பான். இப்போது ட்ராப்பிலிருந்து ஒரு சுவர் தள்ளி நிற்கிறேன், துப்பாக்கி அந்த வாசலைப் பார்த்தபடி. வெடிச்சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்தால் இரண்டு குண்டிலேயே முடிந்துவிடும்.

சைஃபருக்கும் இதே கணக்கு. கம்பியில் சிக்கியவன் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், மெல்லிய சுவரென்றால் அதன் வழியாகவே சுடலாம். ஆனால் நீங்கள் செத்தால் கம்பியும் செத்தது. முன்னால் போய் வம்பு இழுக்காதீர்கள்.

4. பொறுமை

பழக ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு டெமோமேன்தான். வெடிக்கும் நொடியை நீங்களே முடிவு செய்யலாம். டீம் ஃபோர்ட்ரஸ் 2-உம் 2011-லிருந்து இலவசம். எட்டு ஸ்டிக்கி வரை வைக்கலாம். ஒன்பதாவதைப் போட்டால் முதலாவது தானாக வெடித்து இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் ஓடி வரும் ஸ்கவுட்டைப் பார்த்ததும் அழுத்தாதீர்கள். பின்னால் ஆட்களைக் குணப்படுத்தும் மெடிக் வருவான், அவன் ஸ்டிக்கிகளுக்குக் கீழே வரும்வரை விரலை அடக்குங்கள்.

பின்சேர்க்கை: "கப்கான் ட்ராப்பை வெடிக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுகிறார்கள்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எதிரணியில் ஐக்யூ என்ற கேரக்டர் இருக்கிறாளா பாருங்கள். மின்னணுக் கருவி எதுவானாலும் அவளுக்குச் சுவர் தாண்டியும் தெரியும். தாட்சர் என்ற இன்னொரு கேரக்டரின் இ.எம்.பி. குண்டும் அவற்றைச் செயலிழக்கச் செய்யும். ஃப்ராஸ்டின் மேட் வெறும் இரும்புப் பொறி. இருவராலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, ஆரம்ப நிமிடத்தில் எதிரணியின் உளவு ட்ரோன்கள் சுற்றும்போது மேட்டை விரிக்காதீர்கள். முதலில் ட்ரோனைச் சுட்டுத் தள்ளிவிட்டு, பிறகு விரியுங்கள்.