வயிறு நிறைஞ்சும் மாடு இளைக்குதுங்களா?

மாசி பொறந்தா, மாடு மேயறதுக்குன்னே விட்டிருக்கற எங்க கொரங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு பூராவும் காஞ்சு நிக்கும். வெள்ளக்கோயில் பக்கம் நாலு காங்கேயம் மாடு வச்சிருக்கோம். பொழுது எறங்கிக் கட்டுத்தரைக்கு வரும்போது வயிறு மத்தளமாட்டந்தான் இருக்கும். விலா எலும்பை எண்ணிப்புடலாம்.

உடனே கஞ்சி, சோறுன்னு ஊத்தாதீங்க. விசேஷ வீட்டுல மிஞ்சின சோத்தை நானே ஒருக்கா தாழி நெறையக் கொட்டினேன். விடிஞ்சு பார்த்தா மயிலை மாடு அசை போடல, சாணி கூழாட்டம் போகுது. சோறு வயித்துல புளிச்சு அமிலமாயிருச்சுன்னு சொல்லி, டாக்டர் சோடா உப்பைக் கரைச்சு ஊத்தினார்.

காஞ்ச புல்லைச் செரிக்க வைக்கறது மாட்டு வயித்துல இருக்கற நுண்ணுயிருங்க. அதுகளுக்கு வேண்டியது புரதம். அது பத்தலைன்னா சாணியே சொல்லிரும்: அடுக்கடுக்காக் கெட்டியா விழும், புட்டுப் பார்த்தா உள்ள செரிக்காத புல்லு நாரு நாராக் கெடக்கும்.

கறவை வத்தின மாட்டுக்கு நாங்க தர்றது தெனம் அரைக்கிலோ கடலைப் புண்ணாக்கு. மொத நாள் ஒரு கைப்பிடி, பத்து நாள்ல முழு அளவு. கறக்கற மாட்டுக்கு அதுபோக, ரெண்டரை மூணு லிட்டர் பாலுக்கு ஒரு கிலோங்கற கணக்குல கலப்புத் தீவனம். புண்ணாக்கை வாங்கறப்ப ஒடச்சு மோந்து பாருங்க. பூசண வாடை அடிச்சா சும்மா குடுத்தாலும் வேண்டாம். அந்தப் பூஞ்சை விஷம் ஈரலைக் கெடுக்கும், பாலுலயும் வரும்.

தீவனத்தோட ஒரு மாட்டுக்குத் தெனம் கல்லுப்பு 30 கிராம், தாது உப்பு 50 கிராம். கல்லுப்பைப் போட்டுட்டு தாது உப்பும் போட்டாச்சுன்னு எங்க ஆத்தா இன்னமும் நெனைக்கும். அது வெறும் சோத்து உப்பு, இது சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்துன்னு பல தாது கலந்த பொடிங்க.

காசில்லாததும் இருக்கு. கோடையில வெள்வேல மரத்தடியில உதிர்ற காயை மாடு தேடித் தேடித் திங்கும். சவுண்டல் (சூபாபுல்) தழையும் நல்லதுதான், ஆனா பசுந்தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகப்படாது. மிஞ்சினா முடி கொட்டும்.

சித்திரையில ஒரு மழை பேஞ்சா, அறுத்த சோளக்காட்டுல தாள் துளிர்க்கும். பச்சையைக் கண்டதும் மாடு இழுக்கும். அந்தக் குருத்துல இருக்கறது சயனைடு விஷம். தின்ன கொஞ்ச நேரத்துலயே மாடு சாஞ்சுரும். சோளம் பூக்கற வரைக்கும் கயித்தை விட்றாதீங்க.